குழிக்குள் காப்பி குடித்தவர்கள்

தகர ஷெட்டில் என்னோடு ஒன்றரை வருஷம் வெந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. முப்பதெல்லாம் ஒரு வயதா என்று கேட்பார்கள். எறால் உரித்து உரித்து நகம் போனவளுக்கும், அரபு வீட்டில் தரை துடைத்து முட்டி தேய்ந்தவளுக்கும் அது ஒரு வயதுதான். நான் இரண்டையும் செய்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் தந்திருக்கிறார்கள்.

கடல் ஏறி வந்த நாளைப் பற்றி நாம் சந்தித்தால்கூடப் பேசிக்கொள்வதில்லை. நானும் இங்கே அதிகம் பேசப்போவதில்லை. அதற்கு அடுத்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்கிறேன், புத்தகப் பெட்டிகள் வந்தனவே, அந்த மழைக்காலத்தை.

ஷெட்டுகள் குளச்சலுக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பை ஒட்டி நின்றன. மேலே தகரம், பக்கத்தில் தார் அட்டை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே அட்டை. இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் அந்தப் பக்கம் கண் எரியும். வெயில் நாளில் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. அட்டையில் கை வைத்தால் தார் ஒட்டும். மழை நாளில் தகரத்தின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. லாரியில் கம்பளிச் சட்டைகளும் காதை மூடுகிற தொப்பிகளும் வந்து இறங்கின. அந்தத் தொப்பிகளில் நம் ஆண்கள் வலை முடையும் நூலைப் போட்டு வைத்தார்கள். அனுப்பியவர்களை யாரும் கேலி செய்யவில்லை. அவர்களுடைய ஊரில் குளிர், அவ்வளவுதான்.

எங்கள் ஷெட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா கல்ஃபில் ஒரு போட்டில் மீன்பிடிக்கப் போயிருந்தார். செய்தி கேட்டு வந்தார், ஒரு மாதம் நின்றார், ஒப்பந்தம் முடியவில்லை என்று திரும்பிப் போனார். தம்பிக்கு ஐந்து வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் நான் தக்கலையில் சித்தி வீட்டில் இருந்தேன். அம்மாவையும் தம்பியையும் தண்ணீர் கொண்டுபோயிற்று. அம்மாவைக் கால் முறிந்த நிலையில் கண்டெடுத்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியைப் பிறகுதான் எடுத்தார்கள். மீன் ஏலம் விளிக்கிற பெரியம்மை அவனுடைய கிறிஸ்துமஸ் சட்டையைப் பார்த்து அடையாளம் சொன்னாள். கோயிலுக்கு வடக்கே நீளமாக ஒரு குழி வெட்டி எல்லாரையும் சேர்த்து அடக்கினார்கள். வேறு வழி இல்லை. அதை அன்றும் யாரும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டோம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அப்போது அங்கே இல்லை என்பது மட்டும்தான் எங்கள் கஷ்டம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அந்தக் குழிக்கு அப்போது சுவர் கிடையாது. மணல் எங்கே முடிகிறது, குழி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கோயில் வாசலுக்கு நம் பாதை அந்த ஓரமாகத்தான் போகும். பூசைக்குக் கூப்பிட உபதேசியார் வந்தார். அவரிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எங்கன கெடக்கான்னு தெரியாம நடந்தா, பிள்ளைக்க நெஞ்சில சவிட்டிருவேன்."

அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. கோயிலுக்கு என்று இல்லை, எங்குமே அம்மா நடக்கவில்லை. கால் கூடிவிட்டது, நடந்து பழக வேண்டும், இல்லையென்றால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். அம்மா கட்டிலில் அட்டையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பி கிடக்கிற இடம் தெரிந்தால் அம்மா நடப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெட்டிகள் வந்தன. கப்பலில் வந்த அட்டைப் பெட்டிகள், உள்ளே எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். கன்னியர் மடத்து சிஸ்டர் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வரிசைப்படி கூப்பிட்டார்கள், எங்கள் வரிசை கடைசி. படக்கதைகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியவை கேக் செய்வது எப்படி, வரி கட்டுவது எப்படி, நாய்களின் வகைகள், இப்படி. நாய்ப் புத்தகத்துக்குச் சண்டை போட்டு அதை நடுவில் கிழித்த இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்குப் பாதி நாய் கிடைத்தது.

நான் அடியில் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். நீளமான ஒரு குழி. அதற்குள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தகரக் குவளையில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். ஒருவன் முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். நான் நம் குழியை மூடிய பிறகுதான் பார்த்திருந்தேன். ஒரு குழியின் உள்பக்கத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குழிக்குள் காப்பி குடிக்கலாம் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பக்கத்தில் அதேபோல் படம் போட்ட இன்னொன்று கிடந்தது, மெல்லியது, உள்ளே கையால் வரைந்த படங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர் அட்டைகளைப் பார்த்தார். பட்டாளத்தில் சேரப்போகிறாயா என்று சிரித்துக் கேட்டார். அதிலிருந்து என் பெயர் மிலிட்டரி. நீங்களும் கொஞ்ச நாள் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

எனக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத்தான் வரும். அடுத்த ஷெட்டில் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க இடத்துக்குக் காத்திருந்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவளிடம் கொண்டுபோனேன். தண்ணி லாரி வரும்போது அவளுக்கு நான் குடம் சுமக்க வேண்டும், அதற்குப் பதிலாக அவள் வாசித்துச் சொல்வாள் என்று பேச்சு. முதல் நாளே அவளுக்கு எரிச்சல்.

"ஏட்டி, கேக்குப் புத்தகத்த எடுத்திருக்கக்கூடாதா? இது எப்பவோ நடந்த முதலாம் உலகப் போரு. ஒண்ணு அமெரிக்காக்காரன் எழுதினது, இன்னொண்ணு பிரெஞ்சுக்காரன். ரெண்டு பேரும் சேறு, எலி, பேனு, இதத்தான் எழுதியிருக்கானுவ. நமக்குத் தெரியாததா?"

ஆனால் வாசித்தாள். தடித்தது அமெரிக்கன் எழுதியது. கோவேறு கழுதை வளர்க்கிற குடும்பத்துப் பையன். கப்பலில் வாந்தி எடுத்தபடியே போய் இறங்குகிறான். எல்லாவற்றையும் எண்ணுகிறான். எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை கடிதம் வந்தது, வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை நாள். மெல்லியது பிரெஞ்சுக்காரனுடையது. அவன் அதற்கு முன்பே மூன்று குளிர்காலத்தை அந்தக் குழியில் கழித்தவன். அவனுக்கு எண்ணிக்கை இல்லை. சூப்பு வழியிலேயே ஆறிப்போய் வருவதைத் திட்டுவான். ரொட்டியை எலி எடுக்காமல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவான், எலி கம்பி வழியாகவே இறங்கி வரும். நின்ற தண்ணீரில் நின்று நின்று கால் வீங்கி, பூட்ஸைக் கத்தியால் வெட்டித்தான் கழற்றினார்கள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அக்கா அந்தக் காலைப் பற்றி வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் பிரெஞ்சுக்காரனுக்குக் காலு சரியாச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அம்மா யாரிடமும் எதையும் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. அக்கா புத்தகத்தைத் திரும்பப் பிரித்து, விரலை வைத்து வேகமாகத் தேடினாள். கொழுப்பைத் தடவி நீவி, தினமும் நடக்க வைத்தார்களாம் மாமி, பைய சரியாயிற்றாம் என்று சொன்னாள். மறுநாள் அம்மா தேங்காய் எண்ணெயைக் கேட்டு வாங்கி முட்டியில் தடவினாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே நாலு எட்டு வைத்தாள். எனக்கும் அக்காவுக்கும் அப்போது பிரெஞ்சுக்காரன்மேல் வந்த மதிப்பைச் சொல்லி முடியாது.

அதன் பிறகு அக்கா அட்டையை ஒட்டி உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். அம்மா கட்சி கட்டினாள். அவளுக்குப் பிரெஞ்சுக்காரன்தான். அமெரிக்கன் பாதியில் வந்தவன், அதற்குள் ஊருக்குப் போக நாள் எண்ணுகிறான் என்பாள். அமெரிக்கன் முதல் நாள் குழிக்குள் இறங்கிய பக்கங்களை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். யாரையும் தெரியாது, மொழியும் தெரியாது, குளிரில் பல் அடிக்கிறது. பக்கத்தில் கிடந்த ஒரு பிரெஞ்சுக்காரன் தன் போர்வையில் பாதியை ஒரு வார்த்தையும் பேசாமல் இவன்மேல் இழுத்துப் போடுகிறான். அவன் பெயரைக்கூட இவன் கடைசிவரை கேட்கவில்லை.

மெல்லிய புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது. மழையில் குழியின் கூரை ஒழுகுகிறது, ஒழுகுகிற இடத்தில் யார் படுப்பது என்று தினமும் சண்டை. பிரெஞ்சுக்காரன் குழியை நீளமாக வரைந்து, சமையல்காரன் இங்கே, வாத்தியார் இங்கே, குறட்டை விடுகிறவன் இங்கே என்று ஒவ்வொரு ஆளையும் எழுதி, முறை வைத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நம் குழியையும் அப்படி வரையவேண்டும்.

அடக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். கடலுக்குப் போகிற வள்ளக்காரர்கள் சிலர் சொன்னார்கள், சிலர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். ஏலம் விளிக்கிற பெரியம்மை தனக்குத் தெரிந்த பத்துப் பேரைச் சொன்னாள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு சேரவில்லை. அதற்குள் கல்லறைத் திருநாள் இரண்டு மாதத்தில் வருகிறது என்று ஆளாளுக்குக் குழியின் மேல் செங்கல் வைத்துப் பெயர் எழுதத் தொடங்கினார்கள். அன்றைக்கு நம் ஊரில் ஒவ்வொரு வீடும் தன் கல்லறைக்குப் பூப்போட்டுத் திரி கொளுத்தவேண்டுமே, அந்தப் பரபரப்பு. ஒரே இடத்துக்கு இரண்டு வீட்டார் செங்கல் வைத்துச் சண்டை நடந்தது. யாரையும் தப்பு சொல்ல முடியாது. என் படத்தில் பெரியவர்கள் ஓரளவு வந்துவிட்டார்கள். தம்பி வரவில்லை. அவனை அடையாளம் சொன்ன பெரியம்மைக்கும் எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை.

எனக்குப் பெரிய தாள் தேவைப்பட்டது. வாரம் ஒரு தடவை மதுரையிலிருந்து வருகிற கவுன்சலிங் மேடத்திடம் பெரிய தாளும் கலர் பென்சிலும் இருந்தன. பிடித்ததை வரை என்பார். நான் குழியை வரைந்தேன், நீளமாக, ஆட்களோடு. அவர் வெகுநேரம் பார்த்தார். இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். நான் பெருமையாக இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டினேன். அவர் அவற்றை வாங்கிக்கொண்டு, பட்டாம்பூச்சிக்குக் கலர் அடிக்கிற புத்தகம் ஒன்றைத் தந்தார். பிறகு எங்கள் ஷெட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். இந்தப் படங்கள் பாப்பாவின் மனதுக்கு நல்லதில்லை, கொஞ்ச நாள் தன்னிடம் இருக்கட்டும் என்றார்.

அன்று அவரை நான் வெறுத்தேன். இப்போது யோசித்தால் அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. செத்தவர்களின் குழியை வரைகிற பிள்ளையைப் பார்த்தால் நானும் பயப்படுவேன்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். முழுவதையும் பார்த்தாள், ஒவ்வொரு பெயராக.

"மேடம், இது படமில்ல. இவ தம்பியத் தேடுகா" என்றாள். பிறகு, "புத்தகத்தத் தாருங்க. அந்த அமெரிக்காக்காரன் ஊரு போய்ச் சேந்தானா இல்லியான்னு இன்னும் வாசிக்கல்ல."

மேடம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல புடவை கட்டியிருந்தார், அதைப் பற்றி யோசிக்கவில்லை. புத்தகங்களைப் பையிலிருந்து எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். நான் என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டார். குழி வெட்டின ஜேசிபிக்காரனை இதுவரை யாரும் கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

யார் யாருக்கோ போன் செய்து மேடம்தான் அவரைப் பிடித்தார். அஞ்சுகிராமம் பக்கத்து ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வந்தார், கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். ஷெட்டுக்குள் வந்ததும் உட்காரமாட்டேன் என்று நின்றார். நான் தாளை விரித்துப் பென்சிலை அவர் கையில் கொடுத்தேன். அவர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"பொய்யா ஒரு எடத்தக் காட்டிட்டுப் போயிருவோம்னுதான் பஸ்ஸுல நெனச்சுக்கிட்டு வந்தேன். உங்களப் பாத்தா முடியலக்கா. எனக்குத் தெரியாது."

அவர் அட்டையில் சாய்ந்துகொண்டு மீதியைச் சொன்னார். பெரியவர்களை வரிசையாக வைத்தார்கள். பிள்ளைகளின் முறை வந்தபோது உங்கள் ஊர் ஆட்கள் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளைத் தனியாக ஒரு மூலையில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, கூடாது என்று சத்தம் போட்டார்கள். கையால்தான் இறக்கினார்கள்.

"ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பொம்பளைக்குப் பக்கத்துலதான் வச்சாங்க. ஒரு பிள்ளகூட தனியா இல்லக்கா. அது மட்டும் சத்தியம்."

"எந்தப் பொம்பளைக்க பக்கத்துல?"

"அது தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது. எல்லாப் பிள்ளையும் புதுச் சட்டைதான் போட்டிருந்துச்சு."

அம்மா அவரைச் சாப்பிடச் சொன்னாள். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார். அம்மா அவரை வாசல்வரை நடந்து போய் வழியனுப்பினாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. என் படம் ஒன்றுக்கும் ஆகாமல் போன துக்கத்தில் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் சிஸ்டர் நூலகம் வைப்பதற்காக ஆளுக்கு ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரச் சொன்னார். எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரைபடம் பிரெஞ்சுக்காரனுடையது, அம்மாவின் கால் அவனால் நடந்தது. அமெரிக்கனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா தடுத்தாள்.

"அத வை, மக்ளே. பிரெஞ்சுக்காரனுக்குப் பக்கத்துல கெடக்கவன் எல்லாரையும் தெரியும். இவனுக்கு ஒரு முகமும் தெரியாது. ஆனாலும் ஒருத்தன் போர்வையப் பாதி குடுத்தான் இல்லியா."

அப்படித்தான் அந்தத் தடித்த புத்தகம் எங்களிடம் தங்கியது. பிறகு நான் குஜராத்துக்கு எறால் உரிக்கப் போனபோது துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். விடுதியில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி அதைத் தலைக்கு வைத்துப் படுப்பாள். எறால் தண்ணீரில் நனைந்து பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. திரும்பும்போது அவளிடமே விட்டுவிட்டேன், தலையணை இல்லாதவள். அதை எந்த ஊரிலோ பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பியவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் ஒரு படக்கதையை அனுப்பியிருக்கலாமே என்று வருத்தப்பட்டிருப்பார். வருத்தப்படவேண்டாம் என்று அவருக்குச் சொல்ல ஆசை.

கல்லறைத் திருநாள் வந்தது. அம்மா தோவாளையிலிருந்து வந்த பூக்காரியிடம் பூவும், கடையில் மெழுகுதிரியும் வாங்கச் சொன்னாள். ஒரு திரி வாங்கினால் போதாதா என்று கேட்டேன். இரண்டு பாக்கெட் வாங்கச் சொன்னாள். வெயில் தாழ்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளில் ஒரு கையை வைத்து, ஷெட்டிலிருந்து கோயில்வரை நடந்தாள். குழியின் ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மணலில் கால் வைத்தாள்.

பெண்பெயர் எழுதின செங்கல்களாகப் பார்த்துப் பார்த்து நின்றாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு திரியை நட்டுக் கொளுத்தி, ஒரு பூவை வைத்தாள். என்ன செய்கிறாள் என்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது செங்கலுக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்த ஒரு வள்ளக்காரர் முழங்காலிட்டிருந்தார். இடத்துக்குச் சண்டை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"இது எனக்க பெண்டாட்டிக்க எடம்" என்றார்.

"தெரியும் அண்ணே. எனக்க பயல் ஒருவேளை அவளுக்க பக்கத்துல கெடப்பான். அவ அவனப் பாத்துக்கிடுகால்லா, அதுக்குத்தான்."

அவர் அம்மாவையே பார்த்தார். கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, தீக்குச்சி இரண்டு தடவை அணைந்துவிட்டது. அவர் எழுந்து தலைக்கட்டுத் துண்டை அவிழ்த்து, காற்று வருகிற பக்கமாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். திரி பற்றியது. அம்மா அடுத்த செங்கலுக்கு நகர்ந்தபோது அவரும் துண்டைப் பிடித்தபடியே கூட வந்தார், அதற்கு அடுத்ததற்கும், குழியின் அந்தக் கடைசிவரைக்கும்.